ஃபோர்ட் போர்ட்டலைப் பட்டியலிலிருந்து நீக்கியவர்களுக்கு

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் குழுப் பயணம் அழைத்துச் செல்லும் தமிழ்நாட்டுப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

உங்களில் ஒருவர் அனுப்பிய புதிய உகாண்டா பயணத் திட்டம் சென்ற வாரம் என் கைப்பேசிக்கு வந்தது. மொத்தம் எட்டு நாள். மூன்றாம் நாள் கம்பாலாவிலிருந்து புறப்பாடு, இரவு சிம்பன்ஸிகள் வாழும் கிபாலே காட்டோரத்தில் தங்கல். நான்காம் நாள் காலை எட்டு மணிக்குச் சிம்பன்ஸி, அன்று பிற்பகலே ராணி எலிசபெத் தேசியப் பூங்காவில் படகு. ஃபோர்ட் போர்ட்டல் நகரில் தங்குவது கிடையாது. பிகோடி சதுப்பு நிலம் கிடையாது. அடியில் ஒரு குறிப்பு: "பார்ப்பதற்கு அதிகம் இல்லை என்று முந்தைய பயணிகள் கருதியதால் இவ்விரண்டும் நீக்கப்பட்டுள்ளன. சிம்பன்ஸி தரிசனம் உறுதி."

முந்தைய பயணிகளில் நானும் ஒருத்தி. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் இப்போது எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். ஒரே நிறுவனத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அதனால்தான் பெயரைக் குறிப்பிடவில்லை. நான்கு நிறுவனங்களின் திட்டங்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் இதே ஓட்டம்தான்.

நான் பொள்ளாச்சியில் அரசுப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கிபாலேவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை 2022 ஜூலையில், தோழிகள் நால்வருடன், ஃபோர்ட் போர்ட்டலில் இரண்டு இரவும் பிகோடியில் ஒரு முழுப் பகலும் இருக்கும்படி. இரண்டாம் முறை 2025 பிப்ரவரியில், 14 பேர் கொண்ட குழுவில், இப்போது நீங்கள் விற்கும் இதே வேகத்தில். அந்த இரண்டாம் பயணத்தில் நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவில் 68 வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். என்னை "டீச்சரம்மா" என்று அழைப்பார். பல வருடம் சேர்த்து வைத்த பணத்தில் வந்தவர். கம்பாலாவிலிருந்து வரும் வழியிலேயே அவருக்கு இருமல் தொடங்கிவிட்டது. இரவு உணவின்போது உடம்பு கொதித்தது. அவர் நேர்மையான மனிதர். குழுத் தலைவரான இளைஞரிடம் தானாகவே போய், "தம்பி, நாளை நான் காட்டுக்கு வரவில்லை. அறையிலேயே படுத்துக்கொள்கிறேன்" என்றார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அந்தத் தம்பி சொன்ன பதிலை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன்: "ஐயா, காலை ஆறரைக்கு எல்லோரும் அறையைக் காலி செய்துவிட வேண்டும். வேன் காட்டிலிருந்து அப்படியே அடுத்த ஊருக்குப் போகிறது. உங்களை மட்டும் எங்கே விட்டுவிட்டுப் போவது? அனுமதிச் சீட்டு 250 டாலர், அதுவும் போய்விடும். மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள். வாசலில் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுங்கள்."

அந்தத் தம்பி கெட்டவர் அல்ல. அவர் கையில் இருந்த திட்டத்தில் ஒரு மனிதன் நோயில் படுப்பதற்கு இடமே இல்லை. அந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் நீங்கள்.

மறுநாள் காலை கன்யாஞ்சு வரவேற்பு நிலையத்தில் வனக்காவலர் விதிகளைச் சொன்னார். ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் கூடாது. சிம்பன்ஸிகளோடு ஒரு மணி நேரம் மட்டுமே. எட்டு மீட்டருக்கு நெருங்கக் கூடாது. முகக்கவசம் கழற்றக் கூடாது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. பிறகு மெதுவாக, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு யாருக்காவது இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்றார். யாரும் பேசவில்லை. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் பேசவில்லை. ஊர்க்காரரை அந்நியர் முன்னால் காட்டிக் கொடுப்பதா என்ற தயக்கத்தில் வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இந்தக் கடிதத்தை நான் எழுத அதுவும் ஒரு காரணம்.

காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் நடந்தோம். அத்தி மரத்துக்குக் கீழே விழுந்து கிடந்த ஒரு பெருமரத்தின்மேல் தாய் சிம்பன்ஸி ஒன்று உட்கார்ந்திருந்தது. மார்பில் குட்டி. குட்டியின் முகம் வெளிறி, காது பெரிதாக, நம் வீட்டுக் கைக்குழந்தை விழிப்பதுபோல் விழித்துக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியதால் பெரியவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்தார். அப்போதுதான் அந்த இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மூன்று முறை, நான்கு முறை. வனக்காவலர் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அச்சம் இருந்தது. எங்கள் எல்லோரையும் உடனே பின்னால் நகரச் சொன்னார். பெரியவரைத் தானே கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

"ஒரு இருமலுக்கு இவ்வளவா?" என்று குழுவில் ஒருவர் திரும்பும் வழியில் கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரும் அந்தக் காட்டுக்கு ஆள் அழைத்துப் போகக் கூடாது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

2013ல் இதே கிபாலே காட்டில், கன்யவாரா என்ற பகுதியில் வாழும் சிம்பன்ஸிக் கூட்டத்தில் சளியும் இருமலும் பரவின. 56 சிம்பன்ஸிகள் இருந்த கூட்டம் அது. ஐந்து இறந்தன. அவற்றில் பெட்டி என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருந்த இரண்டு வயதுக் குட்டியின் உடலை எடுத்துப் பரிசோதித்தார்கள். கிடைத்தது ரைனோவைரஸ் சி. மனிதர்களுக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, சாதாரணச் சளியை உண்டாக்கும் கிருமி. மனிதரைத் தவிர வேறு உயிரை அது தொற்றும் என்று அதுவரை யாரும் அறியவில்லை. ஆய்வு முடிவுகள் 2018ல் வெளிவந்தன. இந்தக் கிருமி உடலுக்குள் எளிதாக நுழைய வழிவிடும் மரபணு வடிவம் மனிதர்களில் சிலருக்குத்தான் உண்டு. பரிசோதித்த சிம்பன்ஸிகள் எல்லாவற்றிலும் அந்த வடிவமே இருந்தது. நாம் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறோம். அவற்றுக்கு அதே கிருமி உயிர்க்கொல்லி.

அதோடு முடியவில்லை. 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் கிபாலேவின் கன்யவாரா, என்கோகோ என்ற இரண்டு கூட்டங்களில் ஒரே காலத்தில் இருமல் நோய் பரவியது. இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு கிருமிகள். இரண்டுமே மனிதர்களிடம் சாதாரணமாகக் காணப்படுபவை. உலகில் அறியப்பட்ட சிம்பன்ஸிக் கூட்டங்களில் அப்போது மிகப் பெரியது கிபாலேவின் நடுவே உள்ள என்கோகோ கூட்டம். அதில் 205 இருந்தன. அந்த ஒரே பரவலில் 25 இறந்துபோயின. பெண் சிம்பன்ஸி முதல் குட்டி ஈனப் பதின்மூன்று, பதினான்கு வயதாகும். அடுத்த குட்டிக்கு ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். 25 உயிர் என்பது எத்தனை ஆண்டுகளின் இழப்பு என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கவனியுங்கள், இந்த இரண்டு கூட்டங்களும் சுற்றுலாப் பயணிகள் போகாத ஆராய்ச்சிப் பகுதிகளில் வாழ்பவை. தெரிந்தவர்கள் மட்டும் எச்சரிக்கையோடு நுழையும் இடத்திலேயே இப்படி நடந்திருக்கிறது. நாள்தோறும் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் விமானத்தில் வந்து இறங்குபவர்கள் நுழையும் கன்யாஞ்சுவில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்?

உகாண்டாவுக்குப் போக நாம் எல்லோரும் கிண்டி கிங் நிலையம் போன்ற இடங்களில் வரிசையில் நின்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்கிறோம். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் ஆளை விமானத்தில் ஏற்ற மாட்டீர்கள். அட்டையின் நகலை மூன்று முறை கேட்டு வாங்குகிறீர்கள். அங்கிருந்து நமக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்பதில் இத்தனை கண்டிப்பு. நம்மிடமிருந்து அங்கே ஒன்றும் போய்விடக் கூடாது என்பதற்கு உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

நாம் ஊர் திரும்பிய பிறகு, அங்கே எந்தக் குட்டி இருமியது என்று நம் வாசலில் வந்து யாரும் சொல்லப் போவதில்லை. கிபாலேவில் ஏறத்தாழ 1,500 சிம்பன்ஸிகள் இருப்பதாகக் கணக்கு. அதில் ஒன்று குறைந்தால் நம் காதுக்கு எட்டாது. அதனால்தான் இந்தப் பொறுப்பை நாம் முன்கூட்டியே ஏற்க வேண்டியிருக்கிறது.

இனி ஃபோர்ட் போர்ட்டல். "பார்ப்பதற்கு அதிகம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

கம்பாலாவிலிருந்து மேற்கே சுமார் 300 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். 2020 ஜூலையில்தான் மாநகரமானது. ஆனாலும் மாலை ஏழு மணிக்குக் கடைத்தெருவில் ஆட்டுப்பால் விற்பவரும் பொடா பொடா என்னும் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுநரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் அளவுக்குத்தான் பெரிய ஊர். ஜெரால்ட் போர்ட்டல் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. ஊரின் உயிர் டூரோ மக்களுடையது. குன்றின்மேல் அவர்களின் அரண்மனை நிற்கிறது. விடியற்காலையில் மூடுபனி விலகும் கொஞ்ச நேரத்தில் மேற்கே ருவென்சோரி மலைத்தொடர் தெரியும். 5,109 மீட்டர் உயரச் சிகரம் கொண்ட மலை. எட்டு மணிக்கெல்லாம் மேகம் மறுபடி மூடிவிடும். ஆறரைக்கு அறையைக் காலி செய்து வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? முதல் பயணத்தில் இரண்டாம் நாள் காலைதான் எங்களுக்கு அது வாய்த்தது. முதல் நாள் மேகம்.

ஊருக்குத் தெற்கே எரிமலை வெடித்த குழிகளில் தண்ணீர் நிறைந்து உண்டான ஏரிகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பச்சை. கிபாலேவை நோக்கிப் போகும் சாலையில் இரு புறமும் தேயிலை. அந்தச் சாலையில் முதன்முதலாகப் போனபோது நான் பேச்சிழந்து உட்கார்ந்திருந்தேன். வால்பாறையில் தேயிலைக்கு நடுவே சோலைகள் துண்டு துண்டாக நிற்குமே, அதே காட்சி. ஒரு வேறுபாடு, இங்கே தேயிலை முடியும் இடத்தில் காடு முழுதாகத் தொடங்குகிறது. 795 சதுர கிலோமீட்டர். பதின்மூன்று வகைக் குரங்கினங்கள் ஒரே காட்டில் வாழ்கின்றன. நம் வால்பாறைப் புதுத்தோட்டத்துச் சோலைமந்திகள் காடு சுருங்கிப் போனதால் வீட்டுக் கூரைகளில் இறங்கி, சுற்றுலாப் பயணிகள் எறியும் தின்பண்டத்துக்குப் பழகி, சாலையில் வண்டியில் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரி நான். கிபாலேச் சாலையில் நம் வேன் நின்றதும் ஜன்னல் வழியே பபூன் குரங்குகளுக்கு வாழைப்பழமும் முறுக்கும் எறிந்தார்களே, அப்போது எனக்குப் பட்ட வேதனையை எப்படிச் சொல்வது? "வாயில்லா ஜீவன், போட்டால் புண்ணியம்" என்றார்கள். அந்தப் பழம்தான் அந்த பபூனைச் சாலையோரத்திலேயே காத்துக் கிடக்கப் பழக்குகிறது. சாலையில் லாரி வருகிறது. உங்கள் குழுத் தலைவர் தடுக்கவில்லை, படம் எடுத்தார்.

பிகோடியைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கன்யாஞ்சுவிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான். காட்டை ஒட்டிய சிற்றூர். ஊருக்கு நடுவே மகோம்பே என்ற சதுப்பு நிலம். அதை வடித்து வயலாக்காமல் காத்து, பார்க்க வருபவர்களுக்குத் தாங்களே வழிகாட்டி, வரும் பணத்தை ஊருக்கே செலவிடுவது என்று 1992ல் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். காஃப்ரெட் என்பது அதன் சுருக்கப் பெயர். அந்தப் பணத்தில் உயர்நிலைப் பள்ளி ஒன்றை எழுப்பினார்கள். நான் ஆசிரியை, அந்தப் பள்ளியின் முன்னால் நிற்கும்போது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அரசாங்கம் வந்து கட்டித் தரும்வரை காத்திராமல், பறவையையும் குரங்கையும் காட்டிச் சம்பாதித்த காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர் அது.

முழங்கால் உயர ரப்பர் காலணி கொடுத்து அழைத்துப் போனார்கள். பாப்பிரஸ் கோரை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. தண்டு முக்கோணம், உச்சியில் குடை விரித்தாற்போல் இழைகள். நம் ஊர்க் கோரைக்கு உறவுதான். வகுப்பில் முப்பது வருடம் படமாக வரைந்து காட்டியதைக் கையால் தொட்டேன். சேறும் தண்ணீருமான இடங்களில் மரப்பலகை நடைபாதை. வழிகாட்டியாக வந்த இளைஞர் அந்த ஊரிலேயே பிறந்தவர், சங்கம் நடத்தும் பள்ளியில் படித்தவர். திடீரென்று கையை உயர்த்தி எங்களை நிற்க வைத்தார். மேலே நீலப் பெருந்துராகோ. மயிலுக்குத் தம்பிபோல் நீலமும் மஞ்சளுமான உடலோடு கொண்டை வைத்த பறவை, கிளையில் ஓடியது. பறப்பதைவிட ஓடுவதில் அதற்கு ஆர்வம் அதிகம். சிவப்புக் கொலோபஸ் குரங்குக் கூட்டம் ஒன்று எங்கள் தலைக்குமேல் மரத்துக்கு மரம் தாவிப் போனது. கருப்பு வெள்ளைக் கொலோபஸ், சிவப்பு வால் குரங்கு, சாம்பல் கன்னக் குரங்கு உட்பட மூன்று மணி நேரத்தில் ஐந்து வகை பார்த்தோம். கிபாலேக் காட்டுக்குள் போனால் சிம்பன்ஸியைத் துரத்தும் அவசரத்தில் இவற்றில் ஒன்றைக்கூட நின்று பார்க்க நேரம் கிடைக்காது. இருமலும் காய்ச்சலும் உள்ள ஒருவர் காட்டைத் தவிர்த்துவிட்டு ஓய்வெடுத்து, உடம்பு தேறியதும் ஊரில் பார்க்கவும் கேட்கவும் இத்தனை இருக்கிறது.

மதியம் ஒரு வீட்டில் சாப்பாடு. வாழைக்காயை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து மசித்த மட்டோக்கே, நிலக்கடலைக் குழம்பு, கீரை, அதோடு காரோ. காரோ என்பது கேழ்வரகு மாவும் மரவள்ளி மாவும் சேர்த்துக் கிண்டிய களி. பிட்டு எடுத்து, கட்டை விரலால் நடுவில் குழித்து, குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். என் பாட்டி வீட்டில் சாப்பிட்டதுபோலவே இருந்தது. காரணமும் உண்டு. கேழ்வரகின் தாயகமே உகாண்டாவிலிருந்து எத்தியோப்பியா வரையிலான மேட்டு நிலம்தான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து நம் பக்கம் வந்த தானியம் அது. கொங்கு நாட்டுக் களியின் பிறந்த வீட்டுக்குப் போய், அங்கே சாப்பிடாமல் கட்டுச்சோறும் ஊறுகாயும் பிரித்துத் தின்றுவிட்டு வருகிறோம், நேரம் இல்லை என்று.

கூடை பின்னும் பெண்கள் எங்களுக்கு எம்பாக்கோ கொடுத்தார்கள். டூரோ மக்களிடம் ஒவ்வொருவருக்கும் இயற்பெயரோடு அன்புப் பெயர் ஒன்று உண்டு, அதுதான் எம்பாக்கோ. மொத்தம் பன்னிரண்டே பெயர்கள். அந்தப் பெயரைக் கேட்டு, அதைச் சொல்லித்தான் நலம் விசாரிப்பார்கள். அன்பும் மரியாதையும் அந்த ஒரு சொல்லில் இருக்கும். அருகி வருவதால் உடனே காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2013ல் இதைச் சேர்த்தது. எனக்கு அவர்கள் வைத்த பெயர் அட்யேரி.

2025 பிப்ரவரியில் நம் வேன் பிகோடியில் கழிப்பறைக்காகப் பதினைந்து நிமிடம் நின்றது. நான் இறங்கி நின்றேன். சாலைக்கு எதிர்ப்புறம் கூடைகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு "அட்யேரி!" என்று கூப்பிட்டுக்கொண்டே சாலையைக் கடந்து ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இரண்டரை ஆண்டுக்கு முன் ஒரு பகல் பார்த்த முகம். ஆறு பெண்கள் கூடைகளோடு வேனைச் சுற்றி வந்தார்கள். "டீச்சர், ஏறுங்கள், படகு போய்விடும்" என்று உள்ளிருந்து குரல். ஒரு கூடை வாங்கக்கூட நேரம் தரவில்லை. அந்தப் பெண்ணின் எம்பாக்கோவை நான் கேட்டு முடிப்பதற்குள் வேன் நகர்ந்துவிட்டது.

இது என் மனக்குறை மட்டுமல்ல. அந்தக் காட்டின் பக்கத்தில் வாழ்வதற்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள். யானை இரவில் வந்து வாழைத் தோப்பையும் மக்காச்சோளத்தையும் மிதித்துப் போகிறது. வால்பாறையிலும் கூடலூரிலும் இது என்ன என்று நமக்குத் தெரியும். பபூனும் சில இடங்களில் சிம்பன்ஸியும் வயலில் இறங்குகின்றன. எல்லையில் பள்ளம் வெட்டுகிறார்கள், இரவெல்லாம் விழித்துக் காவல் காக்கிறார்கள். 1993ல் தேசியப் பூங்கா அறிவிக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டு, காட்டின் தென்பகுதியில் குடியேறியிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் காயமும் அந்த வட்டாரத்தில் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கும் சிறு மானுக்கும் சிலர் கண்ணி வைக்கிறார்கள். அதில் சிம்பன்ஸியின் கை மாட்டுகிறது. கிபாலேவில் விரல் இழந்த, மணிக்கட்டு இழந்த சிம்பன்ஸிகள் பல உண்டு. 1997லிருந்து காட்டுக்குள் நடந்தே கண்ணிகளைத் தேடி அகற்றும் ஒரு குழு வேலை செய்து வருகிறது.

பூங்காவின் நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காடு சுற்றுப்புற ஊர்களுக்குப் போக வேண்டும் என்று உகாண்டாவின் சட்டம் சொல்கிறது. ஆனால் நீங்கள் கட்டும் பெரும்பணம் சிம்பன்ஸி அனுமதிச் சீட்டுக்கு. அதன் பெரும்பகுதி நுழைவுக் கட்டணக் கணக்கில் வராது. ஆகவே அந்த ஊரின் கைக்கு நேரடியாகப் பணம் போகும் வழிகள் மூன்று: அங்கே ஓர் இரவு தங்குவது, ஒரு வேளை சாப்பிடுவது, ஊர் வழிகாட்டியோடு நடப்பது. மூன்றையும் ஒரே வரியில் நீக்கிவிட்டீர்கள். யானைக்கு வாழையைப் பறிகொடுத்தவர், சிம்பன்ஸியைப் பார்க்க வந்தவர்களின் வேன் தன் வாசலில் நிற்காமல் தூசி கிளப்பிப் போவதை எத்தனை நாள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்?

"தரிசனம் உறுதி" என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கன்யாஞ்சுவில் பெரும்பாலான நாட்களில் சிம்பன்ஸியைப் பார்த்துவிடலாம், உண்மைதான். ஆனால் உறுதி என்று நீங்கள் எழுதிவிட்டால் அந்த எழுத்தின் பாரம் முழுவதும் வனக்காவலர் தலையில் இறங்குகிறது. எங்கள் குழுவில் ஒருவர், "முகம் தெரியவில்லை, இன்னும் பக்கத்தில் போகலாம்" என்று சொல்லி இருபது டாலர் தாளை எடுத்துக் காட்டினார். வனக்காவலர் தலையாட்டி மறுத்துவிட்டார். அவருடைய மாதச் சம்பளத்தோடு அந்தத் தாளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது அந்த மறுப்பின் பெருமை எனக்கு விளங்குகிறது. உங்கள் விளம்பரத்தில் கையெட்டும் தூரத்தில் சிம்பன்ஸி முகமும் அதன் முன்னால் சிரிக்கும் பயணியும் இருக்கும்வரை இப்படிப்பட்ட தாள்கள் நீளத்தான் செய்யும்.

நான் கேட்பவை இவை.

ஃபோர்ட் போர்ட்டலில் குறைந்தது இரண்டு இரவு தங்கும்படி திட்டத்தை மாற்றுங்கள். சிம்பன்ஸி பார்க்கும் நாளன்றே அடுத்த பூங்காவுக்கு ஓடுவதை நிறுத்துங்கள். ஒரு நாள் கூடினால் செலவும் கூடும். அதைச் சேர்த்தே விலை சொல்லுங்கள், நாங்கள் கொடுக்கிறோம். முடியாதென்றால் வேறொரு இடத்தைக் குறையுங்கள்.

புறப்படும் முன்பே ஒவ்வொரு பயணியிடமும் எழுத்தில் வாங்குங்கள்: சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் காட்டுக்குள் போக மாட்டேன் என்று. அப்படி விலகுபவரின் அனுமதிச் சீட்டுப் பணம் அவர் தலையில் விழக் கூடாது. குழுவில் ஒவ்வொருவரிடமும் பத்து, இருபது டாலர் கூடுதலாக வாங்கிப் பொதுவில் வையுங்கள்; யாரும் விலகாவிட்டால் அதைப் பிகோடிப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாம். நோயை மறைக்கச் சொல்லும் குழுத் தலைவரை அடுத்த பயணத்துக்கு அனுப்பாதீர்கள். விலகுபவர் அறையில் படுத்திருக்க ஏற்பாடும், துணைக்கு ஒருவரும் இருக்க வேண்டும்.

பிகோடிச் சதுப்பு நிலத்தைத் திரும்பச் சேருங்கள். நடைப்பயணமும் மதியச் சாப்பாடும் திட்டத்திலேயே இருக்கட்டும், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஓரமாகப் போடாதீர்கள். ஊர்ச் சங்கம் சொல்லும் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள்.

"தரிசனம் உறுதி" என்ற சொற்களையும் விலங்கின் முகத்தருகே பயணி நிற்கும் படங்களையும் இந்த வாரமே நீக்குங்கள். வேனில் ஏறும்போதே பபூனுக்கு எதுவும் போடக் கூடாது என்று தமிழில் சொல்லுங்கள். அங்கே போய் ஆங்கிலத்தில் கேட்பதைவிட இங்கே தமிழில் கேட்டால் நம் மக்களுக்கு மனத்தில் பதியும்.

வரும் ஜூலைப் பயணத்துக்கு என் தங்கை, அவள் கணவர், என் பழைய மாணவிகள் மூவர் என்று ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முன்பணம் கட்ட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. திருத்திய திட்டம் அதற்குள் எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் ஐந்து பேரும் பெயரைத் திரும்பப் பெறுவார்கள். பிகோடிச் சங்கத்துக்கு நாங்களே நேரடியாக எழுதி, சொந்த ஏற்பாட்டில் போவோம். அந்தப் பெண்ணின் எம்பாக்கோவை நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

பதிலை எதிர்நோக்கி,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
பொள்ளாச்சி